தோள் மேல் ஒரு கை

ஜூலை 28, ஞாயிறு

பிளக்ஸ் கடைக்காரன் முடியாது என்று சொல்லிவிட்டான். பால் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போய், தூக்குவாளியோடு அந்தக் கடை வாசலில் நின்றதுதான் மிச்சம்.

என் மகள் சஷ்டிகாவுக்கு வருகிற செப்டம்பர் பதினைந்தாம் தேதி காது குத்து. என் வீட்டுக்காரர் குடும்பத்துக் குலதெய்வம் கோயிலில். பேனரில் குழந்தை படம், எங்கள் இருவர் படம், அப்புறம் ‘தாய்மாமன்’ என்று போட்டு சௌந்தரபாண்டி அண்ணன் படம். சௌந்தரபாண்டி என் பெரியப்பா மகன். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூடப்பிறந்த அண்ணன் எனக்குக் கம்பம் ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். வனராஜ். அவன் மடி இருக்கும்போது என் பிள்ளை எதற்கு இன்னொருத்தர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும்?

இதை இவரிடம் கேட்க முடியாது. அதனால் பிளக்ஸ் கடை ஜெயசீலனிடம் கேட்டேன்.

“அக்கா, உங்க வீட்டுக்கார அண்ணன் நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. வனராஜ் படம் வரக் கூடாதுன்னு.”

“அவருக்குச் சொல்லாமப் போடு.”

“எட்டடிக்குப் பத்தடி பேனர்ல சொல்லாம எப்பிடிக்கா போட?”

நான் நகரவில்லை. கடைசியில் அவனே, “நீங்களே டிசைன் பண்ணி பென் டிரைவ்ல கொண்டாங்க, அடிச்சுத் தர்றேன். யாரு மூஞ்சின்னு மெசினுக்குத் தெரியாது” என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

ஜூலை 29, திங்கள்

இவர் விடியும் முன்னாலேயே ஜீப்பில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். இனி சாயங்காலம்தான் போடிக்கு இறங்குவார். பகல் முழுக்க எனக்கும் பிள்ளைக்கும்தான்.

பரணில் இருந்து லேப்டாப்பை இறக்கினேன். காலேஜில் படிக்கும்போது கவர்மென்ட் கொடுத்தது. பேட்டரி செத்துப் பல வருஷம். கரண்டில் சொருகியே வைத்திருந்தால் உயிரோடு இருக்கும், வயரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே போய்விடும். வீட்டில் இதற்கு ஒத்துவருகிற பிளக் மிக்சி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே என் கம்ப்யூட்டர் வகுப்பு அடுப்படி மேடையில். சட்னி அரைக்க வேண்டும் என்றால் வகுப்புக்கு விடுமுறை.

‘போட்டோ எடிட்டிங் தமிழ்’ என்று தேடினேன். வந்த வீடியோக்களைப் பார்த்தால் ஊரே வாத்தியார் ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. முதல் ஆள் வணக்கம் சொன்னார், பெல் பட்டனை அழுத்தச் சொன்னார், போன வீடியோவுக்கு வந்த கமெண்டுகளுக்கு நன்றி சொன்னார், தன் மாமியார் ஊரில் மழை என்றார். அரிசி வெந்துவிட்டது, அவர் இன்னும் சாஃப்ட்வேரைத் திறக்கவில்லை.

ஜூலை 31, புதன்

போட்டோஷாப் இந்த லேப்டாப் தாங்காதாம். காசில்லாமல் கிடைக்கிற ‘ஜிம்ப்’ என்று ஒன்றை இறக்கினேன். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் குட்டிக் குட்டிப் படமாகப் பொத்தான்கள். ஒரு வாளி, ஒரு கத்தரிக்கோல், ஒரு ரப்பர், ஒரு முத்திரைக் கட்டை. எதைத் தொட்டாலும் எதுவோ ஆகிறது. சஷ்டிகாவின் பிறந்தநாள் படத்தை முழுக்க ஊதா ஆக்கிவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் உருப்படியாகக் கற்றேன். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்த தப்பு திரும்பிப் போய்விடும். இன்று முழுக்க அதைத்தான் அழுத்தினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சண்டை எதற்கு என்று எழுதிவைத்தால் சிரிப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பத்தில் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். திராட்சையில் நல்ல லாபம், மாடி வீடு. வாசலில் பெரிய பேனர். அதில் மதினி வீட்டு ஆட்கள் எல்லாம் மேல் வரிசையில் ஆள் உயரத்துக்கு. என் வீட்டுக்காரர் முகம் கடைசி வரிசையில், தபால்தலை அளவுக்கு, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்கும் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில். இந்த ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு மாப்பிள்ளையை எங்கே வைக்கிறார்கள் என்று ஊரே அண்ணாந்து பார்க்கும்.

இவரும் அண்ணாந்து பார்த்தார். வாசப்படி ஏறவில்லை. அண்ணன் ஓடிவந்து, “கடைக்காரன் பண்ணுனது மாப்ள” என்றான். “கடைக்காரனா எனக்கு மச்சான்?” என்றார் இவர். அண்ணனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “மூஞ்சி சின்னதா இருக்குன்னு போறவன் போகட்டும்” என்றான், அத்தனை பேர் முன்னால். இவர் சாப்பிடாமல் ஜீப்பைத் திருப்பினார். நானும் ஏறி உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் சஷ்டிகா பிறந்தாள். அத்தனை வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்த பிள்ளை. அண்ணன் அவளை இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. இந்தக் காது குத்துக்கும் அவன் வராவிட்டால், அப்புறம் எந்த விசேஷத்துக்கும் வர மாட்டான். ஒருமுறை மாமன் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். எனக்கு அதுதான் பயம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. தமிழில், படங்களோடு. ஆசையாகத் தூக்கிவந்தேன். அதில் இருக்கிற மெனு ஒன்றும் என் திரையில் இல்லை. என் திரையில் இருப்பது ஒன்றும் அதில் இல்லை. பாதிப் புத்தகம் ஃபிளாப்பியில் எப்படிச் சேமிப்பது என்று சொல்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர், “படிச்சாச்சாம்மா, வேகமா இருக்கீங்களே” என்று பாராட்டினார்.

ஆகஸ்ட் 7, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் போனேன். மேடம் கனிவாகப் பேசினார்கள். மூன்று மாதக் கோர்ஸ், முதல் மாதம் டைப்பிங்.

“எனக்கு ஒருத்தரை வெட்டி எடுக்கணும், அவ்வளவுதான்” என்றேன்.

மேடம் முகம் ஒரு மாதிரி ஆனது. “போட்டோவில் இருந்து” என்று அவசரமாகச் சேர்த்தேன்.

போன காரியம் ஆகவில்லை என்றாலும் ‘லேயர்’ என்றால் என்ன என்று அவர்களிடம்தான் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் மேப் மேல் பாலிதீன் தாளை விரித்து அதன்மேல் வரைவோமே, அதுதான். மேலே என்ன கிறுக்கினாலும் அடியில் இருக்கிற மேப்புக்கு ஒன்றும் ஆகாது. இதை அந்த வீடியோக்காரர்கள் யாராவது ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அண்ணன் படம் தேடினேன். இவர் போனில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அழித்தாகிவிட்டது. என் பழைய போன் தண்ணீரில் விழுந்து போனது. கல்யாண ஆல்பத்தில் அண்ணன் ஒல்லியாக, மீசை இல்லாமல், அடையாளமே தெரியாது. கடைசியில் பீரோ அடியில் ஒன்று கிடைத்தது. சுருளி அருவிக்குப் போனபோது எடுத்துப் பிரிண்ட் போட்டது. அண்ணன் தலை நனைந்து, ஈரச் சட்டையோடு, வாய் நிறையச் சிரிக்கிறான். மேல் பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறியிருக்கும், அதுவும் தெரிகிறது. பக்கத்தில் இவர். இவர் கை அண்ணன் தோளைச் சுற்றி வந்து முன்பக்கம் தொங்குகிறது. மணிக்கட்டில் செம்புக் காப்பு. அதை அப்படியே என் போனில் படம் பிடித்து லேப்டாப்பில் ஏற்றினேன்.

அந்தக் காப்பு வீரபாண்டித் திருவிழாவில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது, ஜோடியாக. இவர் இன்னும் போட்டிருக்கிறார். கழற்றிப் போடுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். கை பெருத்துவிட்டது, வராது என்றார். சோப்புப் போட்டால் வந்துவிடும். நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நல்ல வாத்தியார் கிடைத்துவிட்டார்! எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. பேசுவதே இல்லை. பின்னால் மெல்லிய சங்கீதம், திரையில் அம்புக்குறி மட்டும் நிதானமாகப் போகிறது. எங்கே அழுத்துகிறதோ அங்கே ஒரு சிவப்பு வட்டம். நிறுத்தி, பார்த்து, செய்து, மறுபடி ஓடவிட்டேன். பேசாத வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் இவருக்கு மலை ஓட்டம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணனை முதல்முறை வெட்டினேன். வலது காது போய்விட்டது. காது குத்துக்கு வரவேண்டியவனுக்கு நானே காதை அறுத்தாயிற்று. கண்ட்ரோல் இசட்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். இவர் வீட்டில் இருந்தார். லேப்டாப்பை அரிசிச் சாக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

சௌந்தரபாண்டி அண்ணன் தன் படத்தைக் கொடுக்க வந்தார். கூலிங் கிளாஸ், கதர் வேட்டி, நெஞ்சில் கைகட்டி நிற்கிற படம்.

“இதுக்குப் பின்னால ஒரு சிங்கம் போடச் சொல்லிருங்க மாப்ள. பாய்ற சிங்கம் வேணாம். சும்மா நிக்கிற சிங்கம்” என்றார்.

“பிள்ளை பயப்படும்ல மச்சான்” என்றார் இவர்.

“அப்ப குட்டிச் சிங்கமாப் போடுங்க.”

நான் அடுப்படியில் இருந்து சிரித்தேன். இவரும் சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் காப்பை உருட்டிக்கொண்டே இருந்தார். மலையில் ஏதாவது தகராறாக இருக்கும். எனக்கு எங்கே அதையெல்லாம் கேட்க நேரம்? அரிசிச் சாக்குப் பின்னால் எலி வயரைக் கடித்துவிடுமோ என்றுதான் நினைப்பு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காது வந்துவிட்டது, முடி வந்துவிட்டது, கழுத்து வந்துவிட்டது. கை போக மாட்டேன் என்கிறது.

அண்ணனைத் தனியாக எடுத்தால் தோளில் இவர் கை ஒட்டிக்கொண்டே வருகிறது. கையை ரப்பரால் அழித்தால் தோளில் ஓட்டை. ‘தோளில் இருக்கும் கையை எடுப்பது எப்படி’ என்று தேடினேன். முகப்பருவை எடுக்கச் சொல்லித்தருகிறார்கள். கரண்டுக் கம்பத்தை எடுக்கச் சொல்லித்தருகிறார்கள். கடற்கரையில் குறுக்கே வந்த வெள்ளைக்காரரை எடுக்கச் சொல்லித்தருகிறார்கள். மாப்பிள்ளை கையை எடுக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை. பேசாத வாத்தியாரிடமும் இல்லை.

ஃபேஸ்புக்கில் போட்டோ எடிட்டிங் படிக்கிறவர்கள் குழு ஒன்று இருக்கிறது. அதில் படத்தைப் போட்டுக் கேட்டேன். ஒருத்தர், ‘கையை எடுக்கும் முன் கைக்காரரிடம் அனுமதி வாங்கினீர்களா’ என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. காயல்பட்டினத்தில் இருந்து ஜமீலா என்று ஒருவர் மட்டும், ‘இது கொஞ்சம் கஷ்டம்தான், பார்த்துச் சொல்றேன் சகோதரி’ என்று எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

படத்தைக் கொடுத்தால் ஏஐ தானாகவே செய்துவிடும் என்று ஒரு ஆப் காட்டினார்கள். கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் கை காணோம். தோளும் சட்டையும் அவ்வளவு சுத்தம். ஒரு நிமிஷம் துள்ளிக் குதித்தேன்.

அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அதையும் சரிசெய்து வைத்திருக்கிறது. பல் எல்லாம் வரிசையாக, தோல் வழவழவென்று, யாரோ ஒரு சீரியல் நடிகர் மாதிரி. பல்மேல் ஏறிய பல் இல்லாவிட்டால் அது என் அண்ணனே இல்லை. அழித்துவிட்டேன். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கினேன், யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று. யாரும் கேட்கவில்லை, சஷ்டிகா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

மாட்டிக்கொண்டேன்.

முத்திரைக் கட்டை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதற்கு குளோன் என்று பெயர். ஒரு இடத்துத் துணியை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும். அதை வைத்து இவர் கையின்மேல் சட்டைத் துணியை ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் தோள் புளித்த மாவு பொங்கின மாதிரி வீங்கிக்கொண்டே போனது. ஜீப் சத்தம் காதில் விழவே இல்லை. திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார், தலையில் கட்டின துண்டோடு.

மூடக்கூடத் தோன்றவில்லை. இவர் திரையைப் பார்த்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். டம்ளரைக் கவிழ்த்தார். வெளியே போய்ச் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வாசலில் இருந்தே சொன்னார்.

“அந்தச் சட்டை பச்சை இல்ல. மயில்கழுத்துக் கலரு.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன அர்த்தம் இதற்கு? கோபமா, கேலியா? சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பிரிண்ட் வெளுத்துப் பச்சையாகத் தெரிகிறது. அன்றைக்கு அவன் போட்டிருந்தது மயில்கழுத்து நிறம்தான், எனக்கே மறந்துவிட்டது. நிறத்தை மாற்றினேன். மூன்று வீடியோ பார்க்க வேண்டியிருந்தது.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “என்னங்க, அண்ணனைப் பேனர்ல போடட்டுமா?”

“சௌந்தரபாண்டிக்கு வாக்குக் குடுத்தாச்சு.”

“போட மட்டும்தானே கேக்கேன்?”

“போட்டா மட்டும் வந்துருவானா அவன்?” என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். நேற்றுத்தான் துடைத்தார்.

வரக் கூடாது என்று சொல்லவில்லை. வருவானா என்றுதான் கேட்டார். துணி துவைக்கும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கை. கை. கை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

சஷ்டிகா மேடைமேல் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

“யாரும்மா இது?”

“மாமாடி. உன் மாமா.”

மாமாவை அவள் கண்டுகொள்ளவே இல்லை. விரலை நேராகக் கொண்டுபோய்த் தோளில் வைத்தாள். “அப்பா கை!” என்றாள்.

இவர் முகம் இல்லை, உடம்பு இல்லை, எல்லாவற்றையும் வெட்டிப் போட்டாயிற்று. வெறும் கையும் காப்பும்தான். அதைப் பார்த்துச் சொல்கிறாள்.

இனி குளோன் பண்ணி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. தேதி நெருங்கிவிட்டது. கையை எடுக்க எனக்கு வரவில்லை, நான் ஆரம்ப நிலைக்காரி, அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பர் 5, வியாழன்

பென் டிரைவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜெயசீலன் கடைக்குப் போனேன். கோயிலுக்கு இவர் சொன்ன பேனரே இருக்கட்டும், இது அண்ணன் பார்க்க நான் போடுகிற தனிப் பேனர். இதில் இரண்டே ஆள். எனக்கு இரண்டு பேரைத்தான் வெட்டத் தெரிந்தது. இடப்பக்கம் சஷ்டிகா, வலப்பக்கம் அண்ணன். மேலே, ‘தாய்மாமன் மடிக்கு வருகிறாள் சஷ்டிகா’. கீழே கோயிலும் தேதியும். சிங்கம் இல்லை.

ஜெயசீலன் பெரிதாக்கிப் பார்த்தான். “பரவால்லயேக்கா, காதெல்லாம் சுத்தமா வந்துருக்கு. ஆனா தோள்ல ஒரு கை நிக்கிதே. எடுத்துரட்டா? ரெண்டே நிமிசம்.”

ரெண்டே நிமிசமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் நாற்காலியைத் தட்டிவிட்டிருப்பேன். ஒரு மாதமாக அடுப்படியில் நின்று கால் வீங்கியிருக்கிறது.

“எடுத்துரவாக்கா?” என்று மறுபடி கேட்டான். அம்புக்குறியைக் காப்புக்கு மேல் கொண்டுபோய்விட்டான்.

“வேணாம். இருக்கட்டும்.”

“பாக்கிறவுக யாரு கைன்னு கேப்பாக.”

“கேக்கட்டும்” என்றேன்.

கம்பத்தில் அவனுக்கு ஒரு கல்யாண வேலை இருக்கிறதாம். அப்படியே அண்ணன் தெரு முக்கில், டீக்கடை எதிரில், இதையும் கட்டிவிடுவதாகச் சொன்னான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பேனர் கட்டியாகிவிட்டது. போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து போனே சூடாகிவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இவர் ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றக் கம்பம் போய்வந்தார். போடியில் இல்லாத பட்டறையா? கேட்கவில்லை. வந்து கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, இரண்டாவது தோசையின்போது சொன்னார்.

“போன தடவ மூஞ்சி கடைசி வரிசையில. இந்தத் தடவ கை மட்டும் மொத வரிசையில.”

தோசைக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். “எடுக்க வரலங்க” என்றேன்.

“ம்” என்றார். பிறகு, “கலரு சரியா இருக்கு” என்றார்.

செப்டம்பர் 14, சனி

பந்தல் போட்டாயிற்று, கிடா வாங்கியாயிற்று. சௌந்தரபாண்டி அண்ணன் புதுப் பட்டுவேட்டி எடுத்திருக்கிறாராம். போனில் காட்டினார். ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. எல்லாம் முறையாக நடக்கிறது, எனக்கு மட்டும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மத்தியானம் ஜெயசீலன் போன் பண்ணினான். “அக்கா, கம்பத்துல நம்ம பேனரக் காணோம். யாரோ அவுத்துட்டாக. கம்பு மட்டும்தான் நிக்கிது.”

யாரோ என்ன யாரோ. தன் தெருவில் தன் படத்தை அவிழ்க்க வேறு யாருக்கு உரிமை? அவனேதான். கிழித்துப் போட்டிருப்பான். இல்லை, திராட்சைக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருப்பான். கையையும் விட்டுவைத்தேனே என்று என்மேலேயே கோபம். ஊர் சிரித்திருக்கும், அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்றைக்கு இவருக்கு நடந்ததை நான் இன்றைக்கு அவனுக்குச் செய்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். “சரி விடு. சௌந்தரபாண்டி இருக்கான்ல” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அண்ணனைவிட இவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மொட்டை போட்டு, சந்தனம் தடவி, குழந்தையை சௌந்தரபாண்டி அண்ணன் மடியில் உட்காரவைத்தாயிற்று. ஆசாரி கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் கையில் லட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ரோட்டுப் பக்கம் கொட்டுச் சத்தம். திரும்பினேன்.

ஒரு குட்டியானை லோடு வண்டி வருகிறது. அதன் நெற்றியில் என் பேனர். கயிறு போட்டு இழுத்துக் கட்டி, ஓரத்தில் மாலை சுற்றி. மயில்கழுத்துச் சட்டையில் அண்ணன் பல் தெரியச் சிரிக்கிறான், தோளில் அந்தக் கை, வண்டி குலுங்கக் குலுங்க அதுவும் குலுங்குகிறது. பின்னால் தட்டுத் தட்டாகச் சீர், ஒரு கிடா, மதினி, மதினி மடியில் தொட்டில் மாதிரி ஒரு பழக்கூடை.

வண்டி கோயில் வேப்பமரத்துக்கு வெளியிலேயே நின்றது. கொட்டும் நின்றது. அண்ணன் முன் சீட்டில் இருந்து இறங்கவில்லை. வீட்டுக்காரர் வந்து வாங்க என்று சொல்லாமல் இறங்க மாட்டான், அவன் பிறவி அப்படி. கூட்டம் முழுக்க இவரைப் பார்க்கிறது.

இவர் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஊர்ல ஒரு பய விடல மாப்ள” என்றான் அண்ணன், நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “யாரு கை, யாரு கைன்னு. டீ குடிக்க விடல.”

“நீ என்ன சொன்ன?”

“மாப்ள கைன்னேன்.”

இவர் பேனரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்தார்.

“எறங்கு மச்சான். பிள்ளை வெயில்ல கெடக்கு.”

அண்ணன் இறங்கினான். முடி நரைத்திருக்கிறது. அவன் கையில் காப்பு இல்லை. எப்போதோ கழற்றியிருக்கிறான். இவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

சௌந்தரபாண்டி அண்ணன் அதற்குள் எழுந்து பட்டுவேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். “மாமன் வந்தாச்சுல்ல, நான் போய்ப் பந்தியப் பாக்குறேன்” என்று குழந்தையைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்தார். அந்த மனிதருக்கு ஒரு சிங்கம் போட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

சஷ்டிகா அழவில்லை. மாமன் வாயையே பார்த்தாள். ஏறியிருந்த பல்லை விரலால் தொட்டாள். ஆசாரி அந்த நேரம் பார்த்துக் குத்திவிட்டார். அப்புறம் அலறினாள் பாருங்கள், மலை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதான். நானும் அழுதேன். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

பந்தியில் இவர் நின்றுகொண்டு பரிமாறினார். அண்ணன் இலையைக் கையால் மறைத்தான். “நீ உக்காரு மாப்ள. அன்னைக்குச் சாப்பிடாமப் போனவன்தான் நீ.” இவர் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

செப்டம்பர் 18, புதன்

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். சஷ்டிகா காது கொஞ்சம் சிவந்திருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்தேன். காயல்பட்டினம் ஜமீலா வீடியோ அனுப்பியிருக்கிறார். எனக்காகவே, என் படத்தை வைத்தே, தமிழில் பேசிப் பதிவு செய்திருக்கிறார். வணக்கம், பெல் பட்டன் எதுவும் இல்லை. ‘சகோதரி, தாமதத்துக்கு மன்னிக்கணும், பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று ஒரு வரி, நேராகப் பாடம். எந்த இடத்துத் துணியை எடுக்க வேண்டும், மடிப்பு எந்தப் பக்கம் ஓட வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறார். ஊரெல்லாம் தேடினேன், இப்படி ஒரு வாத்தியார் கடைசியில்தான் கிடைக்கிறார்.

சொன்னபடியே செய்தேன். கை போய்விட்டது. சட்டை மடிப்பு, நிழல், தோள் எலும்பு எல்லாம் அச்சு அசல். ஜெயசீலன்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டான். எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினேன், திரும்பத் திரும்ப. கை வந்து தோளில் உட்கார்ந்தது.

ஜமீலாவுக்கு நன்றி எழுதினேன், ரொம்ப நன்றாக வந்தது என்று. பிறகு லேப்டாப் வயரைப் பிடுங்கி மிக்சியைச் சொருகினேன். அண்ணன் மதியம் சாப்பிட வருகிறான், அவனுக்குத் தேங்காய்ச் சட்னி இல்லாமல் இறங்காது.